168 பேர் இன்கா பேரரசைப் பிடித்தார்களா?

இன்கா பேரரசு பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். 1532-இல் பிசாரோ என்ற ஸ்பானியர் 168 பேரோடு பெருவுக்குள் நுழைந்தார். துப்பாக்கியைக் கண்டு மிரண்ட இன்கா மக்கள் வந்தவர்களைத் தெய்வம் என்று நம்பினார்கள். ஒரே மாலையில் ஒரு கோடிப் பேர் வாழ்ந்த பேரரசு கவிழ்ந்தது. யூடியூபில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம், கேட்கவும் சுவாரசியமாக இருக்கும்.

168 என்ற எண் சரி. அந்த மாலையும் நடந்ததுதான். மற்றதில் பெரும்பகுதி அரைகுறை. அன்று மாலை பிடிபட்டவர் ஒரு மனிதர், ஒரு பேரரசர். அவருடைய நாடு முழுதாக ஸ்பெயினின் கைக்குப் போக நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த நாற்பது ஆண்டுகளில் ஸ்பானியர் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் அதே ஆண்டிஸ் மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் மீதி எதுவுமே புரியாது.

பேரரசு எப்படி ஓடியது?

இன்றைய பெரு, ஈக்வடார், பொலிவியா, சிலி ஆகிய நாடுகளின் பெரும்பகுதியும், கொலம்பியா, அர்ஜென்டினாவின் ஓரங்களும் சேர்ந்ததுதான் இன்கா நாடு. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 4,000 கிலோமீட்டர். தலைநகர் குஸ்கோ, கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில். அரசருக்குச் 'சப்பா இன்கா' என்று பட்டம். சூரியனின் மகன் என்று கருதப்பட்டவர்.

இந்த நாட்டில் பணம் கிடையாது. வரி என்றால் உழைப்பு. ஒவ்வொரு ஊரும் ஆண்டுக்கு இவ்வளவு நாள் என்று ஆட்களை அனுப்ப வேண்டும். சாலை போட, பாலம் கட்ட, அரசு வயலில் உழ, போருக்குப் போக. இந்த முறை வைத்து உழைக்கும் ஏற்பாட்டுக்கு 'மித்தா' என்று பெயர். விளைந்ததெல்லாம் மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகக் கட்டிய களஞ்சியங்களுக்குப் போகும். மக்காச்சோளம், துணி, ஆயுதம், இரவுக் குளிரில் உறையவிட்டுப் பகல் வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கு என்று எல்லாம் அங்கே இருக்கும். (நாம் மசாலா போட்டு வறுக்கும் உருளைக்கிழங்குக்குப் பூர்வீகம் இந்த மலைதான்.) எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு என்ற கணக்கை, வண்ணக் கயிறுகளில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த முடிச்சுக் கயிறுக்குக் 'கிப்பு' என்று பெயர். பின்னால் மறுபடியும் வரும், நினைவில் வையுங்கள்.

சாலைகள் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு இரவு பகலாக ஓடுவார்கள். அரசரின் சொல் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரும் வழி அது.

இவ்வளவு ஒழுங்கான நாடு ஏன் நொறுங்கியது? விடையில் பாதி அதன் வயதில் இருக்கிறது. குஸ்கோவைச் சுற்றியிருந்த சிறிய அரசு பேரரசாக விரியத் தொடங்கியதே 1438 வாக்கில், பச்சகூத்தி என்ற மன்னர் காலத்தில்தான். ஸ்பானியர்கள் வந்தபோது அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. 'எங்கள் தாத்தா காலத்தில் நாங்கள் சுதந்திரமாக இருந்தோம்' என்று சொல்லக்கூடிய இனங்கள் பல இருந்தன. முரண்டு பிடித்த இனங்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து தூரதேசத்தில் குடியேற்றுவது இன்காக்களின் வழக்கம். உள்ளூர்த் தலைவர்களைப் பதவியில் விட்டுவைப்பார்கள், ஆனால் அவர்களின் பிள்ளைகளைக் குஸ்கோவுக்கு வரவழைத்து வளர்ப்பார்கள். படிப்பு என்றும் சொல்லலாம், பிணை என்றும் சொல்லலாம்.

ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டுக்கோப்பு. உள்ளே பழைய பகை ஆறாமல் கிடந்த பல இனங்கள். அவர்களையெல்லாம் கட்டி வைத்திருந்தது சப்பா இன்காவின் ஆணை.

உயில் எழுதாத பெரியவர்

ஊரில் ஒரு பெரிய நிலக்காரர். அக்கம்பக்கத்தார் நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டுச் சொத்து சேர்த்தவர். உயில் எழுதாமல் திடீரென்று போய்ச் சேர்ந்துவிடுகிறார். இரண்டு தாரத்துப் பிள்ளைகள் பங்குக்கு அடித்துக்கொள்கிறார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் எப்போது திருப்பி வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் வெளியூர்க்காரன் ஒருவன் பத்து அடியாட்களோடு வந்து திண்ணையில் உட்காருகிறான். ஆளாளுக்கு அவனைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் வீடு யார் பெயரில் பத்திரமாகும் என்ற யோசனை அப்போது யாருக்கும் வருவதில்லை.

1520-களின் பிற்பகுதியில் இன்கா நாட்டில் நடந்தது ஏறக்குறைய இதுதான். உவைனா கபாக் என்ற பேரரசர் வடக்கே கிட்டோ பக்கம் இருந்தபோது நோயில் இறந்தார். ஐரோப்பியர்களுக்கு முன்னே ஊர் ஊராகப் பரவி வந்த பெரியம்மை என்றே பலரும் கருதுகிறார்கள். வேறு நோய் என்பவர்களும் உண்டு. அவர் வாரிசாக நினைத்திருந்த மகனும் அதே சமயத்தில் இறந்தார். மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி இன்காக்களிடம் இல்லை. திறமையுள்ளவன், ஆள்பலம் உள்ளவன் எடுத்துக்கொள்வான். எனவே குஸ்கோவில் ஒரு மகன் உவாஸ்கார் முடிசூட, வடக்கே தந்தையின் பெரும்படையோடு இருந்த இன்னொரு மகன் அத்தாவால்ப்பா அதை ஏற்கவில்லை.

உள்நாட்டுப் போர் சில ஆண்டுகள் நீடித்தது. 1532-இல் அத்தாவால்ப்பாவின் தளபதிகள் உவாஸ்காரைப் பிடித்தார்கள், குஸ்கோவில் அவர் குடும்பத்தாரைக் கொன்று குவித்தார்கள். அந்த வெற்றிச் செய்தியோடு அத்தாவால்ப்பா தெற்கே முடிசூடக் கிளம்பிய நேரத்தில்தான் கடலோரத்திலிருந்து தாடிக்காரர்கள் சிலர் வருவதாகத் தகவல் வந்தது.

கஹமார்காவின் அந்த மாலை

வந்தவர் பிரான்சிஸ்கோ பிசாரோ. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஐம்பது வயது தாண்டியவர், அமெரிக்க மண்ணில் பல்லாண்டு பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடையது அரசாங்கப் படையும் அல்ல. கூட்டுச் சேர்ந்து முதல் போட்டு, கிடைப்பதைப் பங்கு பிரித்துக்கொள்ளும் வியாபாரக் கூட்டம். ஸ்பெயின் அரசு 1529-இல் அனுமதிப் பத்திரம் கொடுத்தது, பதிலுக்குக் கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. கூட வந்தவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. பங்கு கிடைத்தால்தான் உண்டு.

1532 நவம்பர் 15 அன்று 62 குதிரைவீரர்கள், 106 காலாட்கள் கஹமார்கா என்ற மலையூரை அடைந்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, வெந்நீர் ஊற்றுகளின் அருகே அத்தாவால்ப்பா பல்லாயிரம் பேர் கொண்ட படையோடு முகாமிட்டிருந்தார். அன்றே ஹெர்னாந்தோ தெ சோதோ என்பவர் குதிரையில் தூது போனார். மிரட்டிப் பார்க்கலாம் என்று குதிரையை அத்தாவால்ப்பாவின் முகத்துக்கு நேரே கொண்டு நிறுத்தினார். குதிரையின் மூச்சுக்காற்றில் அவர் நெற்றியில் தொங்கிய குஞ்சம் அசைந்தது, அவர் அசையவில்லை. குதிரையைக் கண்டு பின்வாங்கிய தன் ஆட்களைப் பின்னர் அவர் கொல்லச் செய்தார் என்று பதிவுகள் சொல்கின்றன. வந்தவரைத் தெய்வம் என்று நினைக்கிற ஆள் இப்படி நடந்துகொள்ள மாட்டார்.

அன்றிரவு மலைச்சரிவு முழுக்க இன்கா படையின் தீப்பந்தங்கள் தெரிந்தன. ஸ்பானியர் யாரும் தூங்கவில்லை. மறுநாள் மறைவிடங்களில் காத்திருந்தபோது, பயத்தில் தங்களை அறியாமலே சிறுநீர் கழித்தவர்கள் பலர் என்று பிசாரோவின் உறவினர் பெட்ரோ பிசாரோ எழுதி வைத்திருக்கிறார். வெற்றிக் கதைகளில் இந்த வரி வருவதில்லை.

நவம்பர் 16, பொழுது சாயும் நேரம். முன்னால் ஆட்கள் பாதையைக் கூட்டிக்கொண்டு வர, பிரபுக்கள் சுமந்த பல்லக்கில் அத்தாவால்ப்பா ஊர்ச் சதுக்கத்துக்குள் வந்தார். கூட வந்த ஐந்தாறாயிரம் பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியான ஆயுதம் இல்லை. இது போர் அல்ல, பேரரசரின் பவனி. சதுக்கத்தைச் சுற்றியிருந்த நீண்ட கட்டடங்களுக்குள் குதிரைகளும் ஆட்களும் ஒளிந்திருந்தார்கள். வல்வெர்தே என்ற பாதிரியார் மட்டும் மொழிபெயர்ப்பாளனோடு எதிரே வந்து கிறிஸ்தவ மதத்தைப் பற்றிப் பேசி, கையிலிருந்த புத்தகத்தைக் கொடுத்தார். அத்தாவால்ப்பா வாங்கிப் புரட்டிப் பார்த்துத் தூக்கி எறிந்தார். காத்திருந்த சாக்கு கிடைத்தது.

பீரங்கி வெடித்தது, குதிரைகள் பாய்ந்தன. சதுக்கத்துக்கு வாசல்கள் குறுகல். ஓடமுடியாத கூட்டத்தின் நெரிசலில் ஒரு சுவரே இடிந்து விழுந்தது. பல்லக்குத் தூக்கியவர்களின் கைகளை வெட்டியும் தோளால் தாங்கி நின்றார்கள், விழுந்தவர்களின் இடத்துக்கு அடுத்தவர்கள் வந்தார்கள். இருட்டுவதற்குள் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஸ்பானியரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பிசாரோவுக்கு மட்டும் கையில் காயம், அதுவும் அத்தாவால்ப்பாவை வெட்டப் போன தன் ஆளைத் தடுத்தபோது பட்டது. உயிரோடு பிடிப்பதுதான் திட்டமே. மெக்சிகோவில் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியர் பேரரசர் மொக்தெசூமாவைக் கைப்பிடியில் வைத்துக் காரியம் சாதித்த கதை பிசாரோவுக்கும் தெரியும்.

அத்தாவால்ப்பா ஏமாளியா? அவர் கணக்கு வேறாக இருந்தது. ஒரு பெரும் போரில் அப்போதுதான் வென்றவர். எதிரே 168 பேர். அவர்களைப் பிடித்து, குதிரைகளைத் தன் நாட்டில் இனப்பெருக்கம் செய்யலாம் என்று நினைத்திருந்ததாகச் சிறையில் அவரே சொன்னார் என்று ஸ்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பொறியைத்தான் யோசித்தது. பிசாரோ முந்திக்கொண்டார்.

அரசர் சிறையில், ஆணை வெளியில்

சரி, வெளியே இருந்த பெரும்படை ஏன் மறுநாளே ஊரைச் சூழ்ந்து மீட்கவில்லை? மேலே சொன்ன ஆணையின் கதை இங்கேதான் வேலை செய்கிறது. சப்பா இன்கா உயிரோடு இருக்கிறார், சிறைக்குள்ளிருந்து ஆணை போடுகிறார், 'சண்டை வேண்டாம், தங்கம் கொண்டு வாருங்கள்' என்கிறார். அஞ்சல் ஓட்டக்காரர்கள் அதைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். அவர் சொல்லை மீறித் தாக்க எந்தத் தளபதிக்கும் உரிமை இல்லை. நாட்டை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த அதே ஒழுங்கு இப்போது அதன் கையைக் கட்டிப்போட்டது.

தான் இருந்த அறையில் கை எட்டும் உயரத்துக்கு ஒரு முறை தங்கமும், பிறகு இரண்டு முறை வெள்ளியும் நிரப்பித் தருவதாக அத்தாவால்ப்பா வாக்களித்தார். மாதக்கணக்கில் லாமாக்களில் தங்கம் வந்திறங்கியது. கோயில் சுவர்த் தகடுகள், குடங்கள், சிலைகள். அத்தனையையும் உருக்கினார்கள். சுமார் 6 டன் தங்கம், 11 டன்னுக்கு மேல் வெள்ளி. அத்தாவால்ப்பா சும்மா இருக்கவில்லை. சிறையிலிருந்தபடியே சகோதரர் உவாஸ்காரைக் கொல்ல உத்தரவிட்டார். வெளியூர்க்காரன் தன் சகோதரனோடு சேர்ந்துகொள்வானோ என்ற பயம்.

தங்கம் வந்து முடிந்ததும் அவரால் இனி பயன் இல்லை, உயிரோடு விட்டால் ஆபத்து. படை திரட்டுகிறார் என்று குற்றம் சாட்டி 1533 ஜூலை 26 அன்று கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். படை ஏதும் வருகிறதா என்று பார்த்துவர அனுப்பப்பட்டவர்கள் 'அப்படி எதுவும் இல்லை' என்று திரும்பி வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதுவரை: உள்நாட்டுப் போரில் வென்றவர் பிடிபட்டார், தோற்றவர் அவராலேயே கொல்லப்பட்டார், பிறகு பிடிபட்டவரும் கொல்லப்பட்டார். ஒன்பது மாதத்தில் நாட்டுக்கு இரண்டு அரசர்களும் இல்லை. ஆனால் களஞ்சியங்கள், சாலைகள், படைகள், இனங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஸ்பானியர் இன்னும் எதையும் வென்றுவிடவில்லை.

துப்பாக்கி, குதிரை, நோய்

இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிச் சொல்வது வழக்கம். பிரித்துப் பார்க்க வேண்டும். பிசாரோவின் கூட்டத்தில் துப்பாக்கிகள் சொற்பம். மருந்திட்டுத் திரி கொளுத்திச் சுடும் அந்தக் காலத்துத் துப்பாக்கி சத்தம் போடும், மெதுவாகத்தான் வேலை செய்யும். உண்மையில் கொன்றவை எஃகு வாளும் ஈட்டியும். இன்கா வீரர்களிடம் இரும்பு கிடையாது. கல்லும் வெண்கலமும் பதித்த தடி, கவண், பஞ்சு தைத்த கவசம் இவைதான். சமவெளியில் குதிரைவீரன் எதிரே வந்தால் தடி வைத்திருந்தவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் குறுகிய மலைக்கணவாயில் மேலிருந்து பாறையை உருட்டினால் குதிரையும் செத்தது, வீரனும் செத்தான். இன்காக்கள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

நோயின் முதல் அடி, அது பெரியம்மையாக இருந்தால், உவைனா கபாக்கின் சாவில் விழுந்தது. அதன் மிகப் பெரிய அழிவு பிந்தைய பத்தாண்டுகளில், அலை அலையாக. கஹமார்காவில் நடந்ததை நோயைக் காட்டி விளக்க முடியாது.

கயிற்றில் இருந்த கணக்கு

இனிதான் முக்கியமான பகுதி. கஹமார்காவிலிருந்து குஸ்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மலை. இந்தச் சில நூறு பேருக்குச் சோறு போட்டது யார்? மூட்டை சுமந்தது யார்? வழி காட்டியது யார்?

1533 அக்டோபரில் அவர்கள் ஹௌஹா பள்ளத்தாக்கை அடைந்தபோது அங்கிருந்த உவாங்கா மக்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். அவர்கள் உவாஸ்கார் பக்கம் நின்று அத்தாவால்ப்பாவின் படையிடம் அடி வாங்கியவர்கள். அந்தப் படையை விரட்ட வந்தவன் யாராக இருந்தாலும் அவர்களுக்கு விருந்தாளிதான். களஞ்சியங்களைத் திறந்துவிட்டார்கள், ஆட்களைக் கொடுத்தார்கள்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கால் நூற்றாண்டு கழித்து, 1558-லும் 1561-லும், உவாங்கா தலைவர்கள், ஸ்பானியரின் தலைநகரான லிமாவிலிருந்த நீதிமன்றத்தில் கிப்புகளோடு போய் நின்றார்கள். முடிச்சுகளைப் படித்துக் காட்டி, ஆண்டு வாரியாக எத்தனை லாமா, எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு துணி, எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், அவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பித்தார்கள். ஸ்பானியர்கள் கேட்காமல் எடுத்துப் போனதற்கும், அதாவது கொள்ளைக்கும், அதில் கணக்கு இருந்தது. எழுத்தர்கள் அதைத் தாளில் எழுதிக்கொண்டார்கள், அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. தோற்றவர்களின் புலம்பல் அதில் இல்லை. 'போரில் எங்களுக்கும் பங்கு உண்டு, எங்கள் கூலி எங்கே' என்ற கேள்விதான் இருக்கிறது.

உவாங்கா மட்டுமல்ல. ஈக்வடார்ப் பக்கத்துக் கன்யாரி மக்கள் அத்தாவால்ப்பாவிடம் படுகொலையைச் சந்தித்தவர்கள். கிட்டோவைப் பிடிக்க ஸ்பானியர்கள் போனபோது ஆயிரக்கணக்கில் சேர்ந்துகொண்டார்கள். வடக்கே சச்சபோயா மக்களும் அப்படியே. இவர்களைத் துரோகிகள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 'இன்கா நாட்டார்' என்ற ஒரே அடையாளம் அவர்களுக்கு இருந்திருந்தால்தானே துரோகம்? அவர்கள் பார்வையில் இன்காக்களும் வெளியூர்க்காரர்களே.

குஸ்கோ நகரமும் அப்படித்தான் திறந்தது. உவாஸ்காரின் தம்பி முறையான மாங்கோ என்ற இளைஞர் வழியிலேயே பிசாரோவைச் சந்தித்துச் சேர்ந்துகொண்டார். 1533 நவம்பர் 15, கஹமார்காவை அடைந்த அதே தேதியில், ஓராண்டு கழித்து ஸ்பானியர் குஸ்கோவுக்குள் போனார்கள். மாங்கோவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. நகரத்துக்காரர்களுக்கு அது தங்கள் கட்சியின் வெற்றி.

பத்திரம் யார் பெயரில் என்று தெரிந்தபோது

மாங்கோவுக்கு உண்மை புரிய அதிக காலம் ஆகவில்லை. பிசாரோவின் தம்பிகள் தங்கம் கேட்டு அவரைச் சங்கிலியில் கட்டினார்கள். கொன்சாலோ பிசாரோ அவர் மனைவியையே பறித்துக்கொண்டார். 1536-இல், தங்கச் சிலை ஒன்றை எடுத்து வருகிறேன் என்று சொல்லி நகரை விட்டுப் போன மாங்கோ, பெரும்படையோடு திரும்பி வந்தார்.

குஸ்கோவுக்குள் ஸ்பானியர் இருநூறு பேர்கூட இல்லை. மாங்கோவின் வீரர்கள் பழுக்கக் காய்ச்சிய கற்களைப் பஞ்சில் சுற்றிக் கவணில் வீசினார்கள், புல் கூரைகள் பற்றி நகரமே எரிந்தது. பிசாரோவின் தம்பி ஹுவான் கவண் கல் பட்டுச் செத்தார். உதவிக்கு லிமாவிலிருந்து அனுப்பிய படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்களில் அழிக்கப்பட்டன. ஒல்லந்தாய்தம்போவில் மாங்கோ ஆற்று நீரைச் சமவெளியில் திருப்பிவிட, குதிரைகள் சேற்றில் சிக்கி ஸ்பானியர் பின்வாங்கினார்கள். 'கண்டதும் மிரண்டவர்கள்' என்ற கதைக்கு இந்த ஓராண்டே போதுமான பதில்.

பிறகு ஏன் தோற்றார்? அவர் படை விவசாயிகளின் படை, விதைப்புக் காலம் வந்தால் வீடு திரும்ப வேண்டும். ஸ்பானியருக்குக் கடல் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாங்கோவின் சொந்தச் சகோதரர் பௌலு ஸ்பானியர் பக்கம் இருந்தார், அவரைப் பின்பற்றிக் குஸ்கோப் பிரபுக்கள் பலரும். முற்றுகைக்குள்ளிருந்த ஸ்பானியரோடு கன்யாரிகள் தோளோடு தோள் நின்றார்கள். லிமாவைத் தாக்கிய இன்கா படையை எதிர்த்தும் உள்ளூர்க் கூட்டாளிகள் வந்தார்கள். லிமாவுக்கு அருகே புருச்சூகோவில் தோண்டியபோது அந்தக் காலத்தில் அவசரமாகப் புதைத்த பல எலும்புக்கூடுகள் கிடைத்தன. துப்பாக்கிக் குண்டு பாய்ந்த மண்டையோடு ஒன்றுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. ஆனால் பெரும்பாலோர் செத்தது கல் தடியின் அடியில். ஸ்பானியன் கல் தடியோடு சண்டைக்குப் போக மாட்டான்.

1572 வரை

மாங்கோ காட்டுமலைப் பகுதியான வில்கபாம்பாவுக்குப் பின்வாங்கி அங்கே தனி அரசு வைத்தார். அதற்குள் வென்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பிசாரோவின் கூட்டாளி அல்மாக்ரோ, குஸ்கோ யாருக்கு என்ற தகராறில் 1538-இல் கொல்லப்பட்டார். அல்மாக்ரோவின் ஆட்கள் 1541-இல் லிமாவில் பிசாரோவை அவர் வீட்டுக்குள் புகுந்து குத்திக் கொன்றார்கள். கொன்சாலோ பிசாரோ ஸ்பெயின் அரசையே எதிர்த்துக் கலகம் செய்து 1548-இல் தலையிழந்தார். மாங்கோவைக் கொன்றவர்களும் அவரிடம் அடைக்கலம் புகுந்திருந்த அல்மாக்ரோ கட்சிக்காரர்கள்தான்.

அவருக்குப் பின் மூன்று மகன்கள் அடுத்தடுத்து வில்கபாம்பாவை ஆண்டார்கள். ஸ்பானியரோடு சில சமயம் சண்டை, சில சமயம் உடன்படிக்கை. அரசப் பிரதிநிதியாக வந்த பிரான்சிஸ்கோ தெ தொலேதோ அந்த இழுபறியை முடித்தார். கடைசி இன்கா துபாக் அமாரு 1572-இல் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். கஹமார்காவிலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுகள்.

கூலி கேட்டுப் போன உவாங்காக்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு தலைவரின் மகன் ஸ்பெயின் வரை போய்க் குலச்சின்னமும் சில சலுகைகளும் வாங்கி வந்தார். வரி நிற்கவில்லை. தொலேதோ பழைய மித்தா முறையைத் தூக்கிப்போடாமல் அப்படியே எடுத்து வெள்ளிச் சுரங்கங்களுக்குத் திருப்பினார். முன்பு மித்தாவுக்குப் போனவனுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து சோறு உண்டு. இப்போது கொடுத்த சொற்பக் கூலியில் வயிறு நிறையவில்லை. 1545-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட போதோசி மலைக்கு, சுற்றுவட்டார மாகாணங்களிலிருந்து ஏழு ஆண்களில் ஒருவர் என்ற கணக்கில் ஆண்டுதோறும் முறை வைத்து ஆட்கள் போனார்கள். அந்த ஏற்பாட்டைச் சட்டப்படி ஒழித்தது 1812-இல்.